வண்டி போகும் வீடு

அந்த வீட்டு நடு அறையில் காலைத் தூக்கி வைத்துத்தான் நடக்க வேண்டும். தெரியாமல் வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். மருமகளாக வந்த அன்று அவளும் விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. மாமனார் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, "விழுந்து எந்திரிச்சவங்கதான் இந்த வீட்டு ஆளு. இனிமே உன்ன யாரும் விருந்தாளின்னு சொல்ல முடியாது" என்று சிரித்தார்.

காலைத் தடுக்கியது தண்டவாளம். இரண்டு தண்டவாளங்கள் மேற்குச் சுவருக்கு அடியில் உள்ளே வந்து, நடு அறையைக் கடந்து, கிழக்குச் சுவருக்கு அடியில் வெளியே போயின. அந்தச் சுவர்களும் உண்மையில் சுவர்கள் இல்லை, பலகை அடைப்புகள். கொண்டியைத் தட்டிவிட்டு மேலே தூக்கிக் கட்டலாம். மாமனார் ஒரு காலத்தில் அங்கே ரயில்வே கேட் காத்தவர். கரிச்சுரங்கம் மூடி, ரயில் நின்று, கேட்டும் வேண்டாம் என்று ஆன பிறகு, கேட் கொட்டகையை ஒட்டி ஓர் அறை எடுத்தார். மகனும் மகளும் வளர்ந்ததும் இன்னொன்று. அதுவும் போதாமல் மூன்றாவதைத் தண்டவாளத்தின் மேலேயே போட்டார். ரயில்வேக்காரர்கள் வந்து கேட்டபோது, "வருசத்துக்கு ஒரு நாள் வண்டி போகணும், அவ்வளவுதானே? வீட்டுக்குள்ளயே போகட்டும்" என்றாராம். அவர்களும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு நாள் என்பது விளையாட்டில்லை, சட்டம். ஓடாத தடத்தை ரயில்வே கையில் வைத்துக்கொள்ளலாம், என்றைக்காவது ஊருக்கு உதவும். ஆனால் வருஷத்தில் ஒரு முறையாவது, குறித்த தேதிக்குள், பொழுது சாய்வதற்குள், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் தடம் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. சேராவிட்டால் செத்துப்போயிற்று. செத்த தடத்தின் மண்ணில் ரயில்வேக்கு உரிமை கிடையாது.

அன்றைக்கு வருவது தள்ளு ட்ராலி. நாலு சக்கரம், ஒரு பலகை, அதன்மேல் ஓர் அதிகாரி, பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிவர இரண்டு ஆட்கள். மாமனார் காலையிலேயே குளித்து, பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, அடைப்புகளைத் தூக்கிக் கட்டி, அறையைக் கூட்டி, பச்சைக் கொடியோடு அடுப்படி ஓரம் நிற்பார். ட்ராலி வீட்டுக்குள் நுழைந்து, சுருட்டி வைத்த பாயையும் அரிசி டின்னையும் தாண்டி, அந்தப் பக்கம் வெளியேறும். போகிற போக்கிலேயே அவள் அதிகாரியின் கையில் டீ கொடுப்பாள். டம்ளரை அடுத்த வருஷம் கொண்டுவந்து கொடுத்த புண்ணியவானும் உண்டு.

கொடியைச் சுருட்டும்போது மாமனார் தவறாமல் ஒன்று சொல்வார். "வண்டி போற வரைக்கும்தான் நமக்கு வீடு."

மகனுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். அவன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொன்னாங்க. எங்கப்பா அதக் கொஞ்சம் அதிகமாவே நெனச்சுட்டாரு. செத்த ரயிலுக்கு இன்னும் சலாம் போடுறாரு" என்பான்.

அவளுக்குத் தொழில் விடுதி விரிப்புகள் துவைப்பது. பஸ் நிலையத்தைச் சுற்றியிருக்கும் விடுதிகளிலிருந்து வெள்ளை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். சோடாவில் ஊறவைத்து, அண்டாவில் அவித்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு அலசிப் பிழிந்து, தடத்தோரம் கட்டிய கம்பிகளில் காயப்போடுவாள். மரத்தின் நிழல் விழாத, நேராக ஓடுகிற வெயில் அந்தத் தடத்தை விட்டால் ஊரில் வேறெங்கும் கிடையாது. யார் யாரோ படுத்து எழுந்த கறைகள் அவள் கையில் பட்டுப்பட்டு, மனுஷ உடம்பின்மீது அருவருப்பு என்ற ஒன்றே அவளுக்கு இல்லாமல் போயிற்று. மாமனார் விழுந்த பிறகு அது உதவியது.

அவர் விழுந்தது போன மழைக்காலத்தில். பெரிய ஆஸ்பத்திரி தடத்தின் மறு முனையில் இருக்கிறது, வாசலைத் தொட்டாற்போல் தண்டவாளம் போய் முடிகிறது. ட்ராலியில் ஒரு மூச்சுத் தூரம். பஸ் என்றால் ஆற்றைச் சுற்றி, இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும். நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையும் இரண்டு கண்ணும்தான் அவருக்கு மிச்சம்.

அன்று முதல் ஊட்டுவது, துடைப்பது, புரட்டுவது எல்லாம் அவள்தான். அவளுக்கு அவர்மேல் பிரியம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அலுப்பும் உண்டு. ஊரான் விரிப்பை அலசி முடித்து நிமிர்ந்தால் வீட்டு விரிப்பு காத்திருக்கும். சில நாள் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து, எப்போதுதான் முடியும் என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக அன்றைக்குக் கஞ்சியில் கூடுதலாகப் பால் விடுவாள்.

தடத்தை ஒட்டி மரம் அறுக்கும் மில் ஒன்று இருந்தது. அதன் முதலாளி, எல்லோருக்கும் மில்காரர், இதுவரை அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், திடீரென்று வர ஆரம்பித்தார். வரும்போது பழம் கொண்டுவந்தார். ஒரு மின்விசிறி அனுப்பினார். தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கூட்டிவந்து மாமனாரைப் பார்க்கவைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் குழந்தைக்குக்கூடச் சொல்கிறோம், வீட்டுக்குள் ஓநாய் பழக்கூடையோடு வந்தால் நாற்காலி எடுத்துப் போடுகிறோம்.

"இந்த வருசம் பாலத்துல வேலை நடந்ததால ட்ராலி தள்ளிப்போயிடுச்சு. கடைசி நாளுலதான் வருதாம்" என்றார் மில்காரர், மகன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து. "அன்னிக்குப் போகலைன்னா தடம் செத்துப்போச்சு. மண்ணு ரயில்வேக்கு இல்ல."

"அப்ப யாருக்குங்க?" என்று கேட்டான் மகன்.

"நீங்க எவ்வளவு காலமா இங்க குடியிருக்கீங்க?"

"நான் பொறந்ததே இங்கதாங்க."

"கரண்டு யாரு பேருல இருக்கு?"

"அப்பா பேருல."

"அப்புறம் என்னப்பா" என்றார் மில்காரர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது, மீதியை மகனே தனக்குச் சொல்லிக்கொண்டான். எழுந்து போகும்போது மட்டும் கட்டிலைப் பார்த்து, "உசுரோட படுத்திருக்கிற மனுசன எந்த அதிகாரி நகர்த்துவான்? டாக்டரும் நகர்த்தக் கூடாதுன்னுதானே சொல்றாரு" என்றார்.

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பது. அப்படி ஒருமுறை அருகில் வந்தபோது அவன் சொன்னான்.

"அப்பா கட்டில நடு அறைக்கு மாத்திருவோம்."

"அங்க தண்டவாளம் இருக்கே."

"அதுக்குத்தான்."

அவள் கையிலிருந்த முனை நழுவி மண்ணில் பட்டது. இனி அதை மறுபடி அலச வேண்டும்.

"பெத்த அப்பன குறுக்கே போட்டு வழிய மறிப்பீங்களா?"

"ஒரு நாளுதானே? அவரு பாட்டுக்குப் படுத்திருக்கப் போறாரு. எங்க படுத்தா என்ன? அதுக்கப்புறம் ஆயுசுக்கும் நம்ம மண்ணு. பலகைய எடுத்துட்டுச் செங்கல் சுவரு எழுப்பலாம். தண்டவாளத்தப் பேத்துட்டுத் தரை போடலாம்."

"உங்க தங்கச்சி புருசனுக்கு அந்த ட்ராலி தள்ளுறதுதானே பொழப்பு? தடம் போச்சுன்னா அவரு வேல?"

"வேற வேலையா இல்ல ஊருல?" அவன் விரிப்பைப் பொறுக்கி அவள் தோளில் போட்டான். குரலைத் தணித்துக்கொண்டான். "உனக்குத் துவைக்க ஒரு மிசினு வாங்கித் தரேன். பெரிசா, விடுதியில இருக்கிற மாதிரி."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். சோடா தின்று, கணுவுக்குக் கணு வெடித்து, உப்புப் பட்டால் உயிர் போகிற விரல்கள். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுவே சரி என்றாயிற்று.

கடைசி நாள் காலையில் அவன் பட்டறையிலிருந்து வெல்டிங் மிஷினைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். கட்டிலைச் சும்மா வைத்தால் நாலு பேர் தூக்கி ஓரம் வைத்துவிடுவார்கள் என்று அவனுக்கு யோசனை. இரும்புக் கட்டில், தண்டவாளமும் இரும்பு. மாமனாரோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கி, கால்கள் தண்டவாளத்தின்மேல் நிற்கும்படி வைத்தார்கள். தூக்கி வைத்ததிலேயே களைத்துப்போன இரண்டு பேருக்கும் அவரை இறக்கி மறுபடி ஏற்றத் தெம்பில்லை. அதனால் அவர் மேலே படுத்திருக்க, அவன் கீழே படுத்து ஒட்ட ஆரம்பித்தான். பொறி தெறித்தது. அவள் விடுதி விரிப்பு ஒன்றைத் தண்ணீரில் முக்கி மாமனாரின்மேல் போர்த்தினாள்.

"ஈரத் துணிய இன்னும் கொஞ்சம் இழு" என்றான் அவன், கட்டிலுக்கு அடியிலிருந்து.

அவள் இழுத்தாள். துணிக்கு அடியில் இடது கை மேலெழும்பி எதையோ தேடிற்று. துணியை விலக்கிப் பார்த்தபோது கிழவரின் கண் சுவரில் இருந்தது. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன நாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடது கையை உயர்த்தி, மணிக்கட்டை அசைத்தார். கொடி காட்டுகிற அசைவு. அவள் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மூட்டைக்குள் திணித்துவிட்டு வந்தாள்.

"தண்ணி கிண்ணி குடுத்துராத" என்றான் அவன் எழுந்து, கையைத் துடைத்தபடி. "துணிய நனைச்சுட்டாருன்னா தூக்கிப் புரட்டணும். அந்நேரம் அவங்க பாத்தாங்கன்னா, இப்ப மட்டும் எப்படித் தூக்கினீங்கன்னு கேப்பாங்க."

வெயில் ஏறி வரும்போது சக்கரச் சத்தம் கேட்டது. இந்த முறை அதிகாரி ஓர் இளம்பெண், கல்யாணமான களைகூட இல்லாத முகம், குடையும் தொப்பியுமாக இறங்கினாள். பின்னால் தள்ளி வந்தவர்களில் ஒருவன் இந்த வீட்டு மாப்பிள்ளை. வேர்த்து வழிந்தபடி அடைப்பை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன மச்சான் இது?"

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. இந்த அறையிலதான் காத்து வருது" என்றான் மகன்.

அதிகாரி குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தாள். "இது எப்படிங்க தண்டவாளத்தோட ஒட்டியிருக்கு?"

"ஆடுச்சுங்க, ஒட்டினேன். ஆட்டமே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேணும்னா அவருகிட்டயே கேளுங்க."

அதிகாரி டாக்டருக்குப் போன் போட்டாள். மேலதிகாரிக்குப் போட்டாள். இரண்டு பக்கமும் ஒரே பதில்தான் வந்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. மகன் பக்கம் திரும்பி, கோபப்படாமல் பேசினாள். அந்தப் பெண்ணுக்குக் கோபப்படத் தெரிந்திருந்தால் அன்றைக்கு நடந்ததே வேறு.

"இங்க ஒரு இடம் அறுந்துச்சுன்னா முழுத் தடமும் போச்சுங்க. சங்கிலியில ஒரு கண்ணி போன மாதிரி. ரயில் வர நாளாகும், நான் பொய் சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி நடக்க, சைக்கிள் ஓட்ட இதுல பாதை போடப் போறாங்க. அப்புறம் சின்ன ரயில் விடுவாங்க. தடத்து மேல குடியிருக்கிறவங்களுக்கு மாத்து வீடும் சேத்துத்தான் எழுதியிருக்கோம்."

"மாத்து வீடு! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சும்மா" என்றான் மகன்.

அதிகாரி கட்டிலருகே வந்தாள். கிழவரின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தாள். மூச்சு இழுத்து இழுத்து வருவதையும் பார்த்தாள்.

"ஒண்ணு செய்யலாங்க. ஐயாவ மெத்தையோட ட்ராலியில ஏத்திக்கிறேன். தடம் ஆஸ்பத்திரி வாசல்லதான் முடியுது. பஸ்ஸுக்கு அலைய வேண்டாம், ஆம்புலன்ஸுக்குக் காக்க வேண்டாம். வெயில் தணியறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம். நானே கூட இருந்து சேத்துவிடறேன்."

"நான் பூ மாதிரி தள்ளுறேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை. "ஒரு குலுக்கல் இருக்காது. மாமாவுக்கு இது தெரிஞ்ச வண்டிதானே."

அப்போது எல்லோரும் பார்த்தார்கள். கிழவரின் இடது கை மேலே எழுந்தது. எழுந்து, வாசலில் நின்ற ட்ராலியை நோக்கி நீண்டது.

"பாருங்க, வலிப்பு வருது" என்றான் மகன். "இதுக்கே இப்படி. தூக்கினாத் தாங்குவாரா?"

அதிகாரி அவனை விட்டுவிட்டு மருமகளிடம் திரும்பினாள். "நீங்கதானே கூட இருந்து பாக்கறீங்க. நீங்க சொல்லுங்கம்மா."

கிழவர் அவளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த அன்று முழங்காலுக்குத் துணி கட்டிய கை காற்றில் நீண்டபடி இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "தாங்க மாட்டாரு."

கை இறங்கிவிட்டது. அதன்பிறகு அது எழவில்லை.

அதிகாரி வெளியே போய் ட்ராலியில் குடையை விரித்து உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற வரை காத்திருக்கிறேன், ஐயாவுக்குக் கொஞ்சம் தெளிந்தால் சொல்லுங்கள் என்றாள். மாப்பிள்ளை தண்டவாளத்தின்மேல் குந்தி, சரளைக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தான். மில்லில் மரம் அறுபடுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அறையில் தகரக் கூரையின் சூடு இறங்கிற்று. மில்காரர் அனுப்பிய மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசியது. அவள் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

கிழவரின் நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. அடுப்படியில் மண்பானை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று எழுந்தவள், புருஷன் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஈர விரிப்பின் ஓரத்தை மட்டும் அவர் உதட்டில் ஒற்றினாள். குழந்தைபோல அதைச் சப்பினார். சோடா மணக்கிற துணி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மில் ஓய்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மில் சத்தம் நின்ற பிறகும் அறையில் கேட்க வேண்டிய ஒன்று கேட்கவில்லை. மூச்சுச் சத்தம். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கண் பாதி திறந்து வாசல் பக்கமே இருந்தது.

அவள் அழ வாய் திறந்தாள். புருஷன் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான்.

"அப்பா போயிட்டாருங்க" என்றாள், அவன் விரலிடுக்கில்.

அவன் அப்பனைப் பார்த்தான். முகம் கோணிற்று. ஒரு நொடி அவனும் அழுதுவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் எட்டி வாசலைப் பார்த்தான், குடைக்கு வெளியே வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தான்.

"உசுரோட இருக்கிறவரத்தான் நகர்த்தக் கூடாது" என்று கிசுகிசுத்தான். "செத்தவரத் தூக்க யாரக் கேக்கணும்? இப்ப வாயத் தொறந்தா நாலே நிமிசத்துல கட்டில அறுத்துட்டுப் போயிருவாங்க. பொழுது சாயட்டும். அது வரைக்கும் இவரு உசுரோடதான் இருக்கணும்."

"மனுசனா நீங்க?"

"போனவரு போயிட்டாரு. அவரு இருந்ததுக்கு இந்த மண்ணாவது மிஞ்சட்டும். விசிறு."

அவள் விசிறினாள். ஈ மொய்க்காமல் விசிறினாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிய, கஞ்சியைக் கரைத்து, கரண்டியால் ஊட்டினாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவள் செத்தவருக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கஞ்சி கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. துடைத்தாள். "இன்னும் ஒரு வாய் மாமா, இந்தா, இது மட்டும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

அதிகாரி வாசலில் வந்து நின்று, "ஐயா சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு நிம்மதி.

"கொஞ்சம் உள்ள போகுதுங்க. இப்பத்தான் கண்ணசர்றாரு."

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்று அந்தப் பெண் ஓசைப்படாமல் திரும்பிப் போனாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது நாத்தனார் வந்தாள். மாப்பிள்ளை போன் பண்ணியிருக்கிறான். தடத்தின்மேலேயே தலைவிரி கோலமாக ஓடிவந்தவள் அண்ணனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எங்கப்பன வழியில போட்டு வெச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா? எம் புருசன் வேல போகணும், நீ மாடி கட்டணும், அதானே?"

"சத்தம் போடாதம்மா, மாமா தூங்கறாரு" என்று மருமகள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"நகருங்க அண்ணி."

நகர்த்திவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் விழுந்து, விரிப்புக்குள் கைவிட்டு அப்பாவின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அசையவில்லை. தகரக் கூரை வெந்துகொண்டிருக்கிற அறையில் அந்தப் பாதம் மட்டும் சில்லிட்டிருந்தது. மெல்லத் தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கையில் கஞ்சிக் கரண்டி.

மருமகள் அவள் வாயையே பார்த்தாள். இவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், வெளியே இருப்பவன் இவள் புருஷன், ட்ராலி கிளம்பிவிடும், அவன் வேலை நிற்கும். அவர் பெற்ற மகள் இவள், குரல் கொடுக்காமல் இருப்பாளா? கத்தட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தன்னால் முடியாததை இவளாவது செய்துவிட்டால் விசிறியைக் கீழே போட்டுவிடலாம்.

நாத்தனார் வாசலைப் பார்த்தாள். புருஷன் கல்லெறிந்துகொண்டிருந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டேயிருந்தது, பார்வை மட்டும் சுவர் சுவராக அளந்தது.

"கேட் கொட்டகையும் அத ஒட்டின அறையும் எனக்கு" என்றாள், உதடு அசைவது தெரியாமல். "அப்பா மேல ஆணையா அண்ணன் சொல்லட்டும்."

அண்ணன் அப்பாவின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, தலைமாட்டுக்கு வந்து, அண்ணியின் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொண்டாள். "எப்படி இருக்காரு?" என்று மாப்பிள்ளை வெளியிலிருந்து கேட்டபோது, "நல்லாத் தூங்கறாருங்க" என்று பதில் சொன்னது அவள்தான். அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைக் கேட்டு மருமகளுக்கு முதலில் வந்தது அருவருப்பு. இத்தனை கறை அலசிய கைக்காரிக்கு, வெகுகாலம் கழித்து வந்த அருவருப்பு.

இரண்டு பெண்களும் மாறி மாறி விசிறினார்கள். மேற்கு அடைப்பு வழியாக வந்த வெளிச்சம் கிழவரின் காலில் விழுந்து, மார்புக்கு ஏறி, முகத்தைச் சிவப்பாக்கிவிட்டுப் போயிற்று.

அதிகாரி குடையை மடக்கினாள். ஆட்கள் இருவரும் ட்ராலியைத் தூக்கித் தண்டவாளத்தை விட்டு இறக்கினார்கள். சக்கரம் சரளையில் இறங்கிய சத்தத்தில் மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பெண் வாசலுக்கு வந்து கைகூப்பினாள்.

"வரேங்க. ஐயாவ நாளைக்காவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. பஸ்ஸுல வேண்டாம், அலைச்சல்."

வந்த வழியே திருப்பி வைத்த ட்ராலி வளைவைத் தாண்டுகிற வரை பொறுத்திருந்துவிட்டு, வீடு ஓவென்று அலறியது. அடக்கி வைத்த அழுகை, பொய்யழுகை இல்லை. அதுதான் கொடுமை. மகன் தலையைத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று கதறினான். சத்தம் கேட்டு அதிகாரியும் மாப்பிள்ளையும் திரும்பி ஓடிவந்தார்கள். அந்தப் பெண் கட்டிலருகே நின்று விசும்பினாள்.

"நல்லவேளை, நகர்த்தாம இருந்தோம்" என்றாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு. "நகர்த்தியிருந்தா என்னாலதான்னு ஆயுசுக்கும் உறுத்தியிருக்கும். கடைசியா உங்க கையால ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுட்டுப் போனாரு. நீங்க குடுத்து வெச்சவங்க."

மருமகள் கையை உருவிக்கொள்ள முயன்றாள். அந்தப் பெண் விடவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. பிணத்தைத் தூக்கும்போதே உடம்பு விறைத்துக் கிடந்ததை அவன் கவனித்திருக்க வேண்டும். பெண்டாட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஊரில் மூட்டை தூக்கப் போனவன் அவளைக் கூப்பிடவும் இல்லை. அவள் கேட் கொட்டகைக்குத் தன் பாத்திரங்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். மகன் செங்கல்லுக்குச் சொல்லிவைத்தான். துவைக்கிற மிஷினைப் பற்றி மருமகள் ஒரு முறை கேட்டாள், சுவர் எழும்பட்டும் என்றான்.

செங்கல் வருவதற்கு முன் மில்காரர் வந்தார். இந்த முறை பழம் இல்லை. அளவு நாடாவோடு இரண்டு பேர் கூட வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அடுப்படி வரை நாடாவை இழுத்தார்கள்.

"என்னங்க அளக்கறீங்க?" என்றான் மகன்.

"எங்க மண்ணத்தான்பா. எங்க தாத்தா ரயில் ஓடணும்னு சும்மாக் குடுத்தது. தடம் இருக்கிற வரைக்கும் ரயில்வேக்கு, தடம் இல்லைன்னா திரும்ப எங்களுக்கு. அப்படித்தான் பேச்சு."

"நாங்க இத்தன வருசமா குடியிருக்கோமே! கரண்டு எங்கப்பா பேருல…"

"குடியிருந்தது ரயில்வே இடத்துல. அவங்க விட்டாங்க, இருந்தீங்க. இப்ப அவங்களே இல்லையே." மில்காரர் குரலை உயர்த்தவேயில்லை. "உங்கப்பாவுக்கு இது நல்லாத் தெரியும். தண்டவாளத்து மேல அறை போடறப்பவே எங்கப்பா வந்து சொல்லியிருக்காரு. அவரு உங்ககிட்டச் சொல்லலையா?"

மகன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். நாத்தனார் கொட்டகை வாசலில் பாத்திரத்தோடு நின்றாள்.

"சொன்னாரு" என்றாள் மருமகள். "வருசா வருசம் சொன்னாரு."

மில்காரர் நல்ல மனுஷர், மழை வருவதற்குள் காலி பண்ணினால் போதும் என்றார். தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்றாயிற்று, அதில் ஒட்டியிருக்கிற கட்டில் மட்டும் இவர்களுடையது, நீயே அறுத்து எடுத்துக்கொள் என்றார்.

காலி பண்ணுகிற அன்று மகன் பட்டறையிலிருந்து அறுக்கிற மிஷினைக் கொண்டுவந்தான். வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுத் துணிமணி எல்லாவற்றையும் நீள மூட்டையாகக் கட்டிக் கட்டிலின்மேல் போட்டிருந்தார்கள். காக்கிச் சட்டையும் அதற்குள்தான் எங்கேயோ கிடந்தது. பொறி பட்டுத் தீப்பிடிக்காமல் அவள் ஒரு விரிப்பை நனைத்து அதன்மேல் போர்த்தினாள். அவன் கட்டிலுக்கு அடியில் படுத்தான்.

"ஈரத் துணிய இன்னும் கொஞ்சம் இழு" என்றான்.

அவள் இழுத்தாள். ஒரு கால் அறுந்தது. கட்டில் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. மாமனார் விழுந்துவிடப் போகிறார் என்று அவள் பதறிப்போய் இரண்டு கையாலும் அந்த மூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூன்று காலும் அறுந்து முடிகிற வரை அவள் பிடியை விடவில்லை.